நேரம் சொல்லாத அறிவித்தல்

எங்கள் கோவிலில் ஞாயிறு திருப்பலியின் இறுதி ஆசீருக்கு முன்னர் அறிவித்தல்கள் வாசிக்கப்படும். பல்கலைக்கழக விடுமுறையில் நான் ஊரில் நிற்கும் நாட்களில் அந்த வேலை என்னுடையது. என் உச்சரிப்புத் தெளிவு என்று பங்குத்தந்தை காரணம் சொன்னார். நாலு பேர் கூடினால் வாய் திறக்கத் தயங்கும் எனக்கு, பிறர் எழுதியதை வாசிப்பது சிரமமாக இருந்ததில்லை. அன்றைக்கும் இரண்டு விவாக அறிவித்தல்கள், சிரமதானம் பற்றி ஒன்று, அவற்றுக்குக் கீழே கிராம சேவகர் கொடுத்தனுப்பிய தாள்.

"முகாமை அண்டிய காணிகளின் உரிமையாளர்களுக்கு அறியத்தருவது" என்று அது தொடங்கியது. வரும் வாரத்தில் கடற்படை முகாமில் சுடுபயிற்சி நடைபெறும். பலத்த ஒலி எழக்கூடும். பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை. பயிற்சியின்போது கதவு, யன்னல்களை மூடி வைத்திருத்தல் நன்று.

நான் வாசித்து முடிப்பதற்குள், பெண்கள் பக்கத்து முதல் வரிசை வாங்கிலிருந்து என் சின்னம்மா கோவில் முழுவதற்கும் கேட்கும்படி கேட்டார்: "இது ஆற்ற கலியாணம்?"

கோவில் சிரித்தது. பீடத்தருகே நின்ற பங்குத்தந்தையும் குனிந்துகொண்டு சிரித்தார். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அருகே விழுந்த ஷெல் அவருடைய கணவரையும் இரண்டு காதுகளையும் கொண்டுபோனது. தன்னுடைய குரல் எவ்வளவு உயர்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பூசையின் அந்த இடத்தில் நான் எழுந்து நின்றால் கலியாணப் பெயர்கள் வரும் என்பதை மட்டும் வழக்கத்தால் தெரிந்து வைத்திருந்தார். என் உதடுகளைப் பார்த்து மணமக்களைப் பிடிக்க முயன்றிருக்கிறார். கையிலிருந்த தாள் வேறொன்றாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஏனென்றால் அந்த ஊரில் அந்தத் தாள் வேறெவரையும்விட அவருக்குத்தான் தேவைப்பட்டது. மன்னார்த் தீவு தொலைவில் ஒரு கோடாகத் தெரியும் பெருநிலக் கரையில் எங்கள் ஊர் இருக்கிறது. நாங்கள் மீள்குடியேறத் திரும்பியபோது, பனங்கூடலுக்கு அப்பால் கடலை ஒட்டி முகாம் எழும்பியிருந்தது. சின்னம்மாவின் வளவு அதற்கு மிகக் கிட்ட. பெரிய துப்பாக்கிகள் வெடிக்கும்போது அவருக்கு அது நிலத்தின் வழியாக வரும். பாதத்தில் ஏறி நெஞ்சில் இடிக்கும். எங்களுக்கு, வெடித்தது எங்கே, எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் என்று தீர்மானிக்கக் காதுகள் இருந்தன. அவருக்கு அதிர்வு மட்டும்தான். அதற்குத் திசையும் இல்லை, தூரமும் இல்லை. ஒவ்வொரு முறையும் அது அவருடைய முற்றத்திலேயே விழுந்தது.

முதல் தடவை பயிற்சி நடந்தபோது எவருக்கும் எந்த அறிவித்தலும் வரவில்லை. சின்னம்மா அடையாள அட்டையும் பத்திரங்களும் வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடினார். அப்போது வீதி புதிதாகப் போடப்பட்டுக்கொண்டிருந்தது. கல் ஏற்றிய லொறிகள் ஓய்வில்லாமல் ஓடின. அவற்றில் ஒன்று ஹோன் அடித்து அடித்து, அவருக்கு ஒரு முழம் பின்னால் வந்து நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கே மன்னார்த் தீவின் கீரிப் பக்கத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் தமையன்.

"இன்னொருக்கா ஓடினால் நான் ஆரையும் கேக்கமாட்டன். என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு. கூட்டிக்கொண்டு போயிடுவன்."

வாயசைவைப் பிடித்த சின்னம்மா, "உன்ரை அறையிலை நான் என்ன செய்ய?" என்று கத்தினார். "எத்தினை பேற்ற வீட்டு மூலையிலை கிடந்திட்டு வந்தனான். இனி ஒருத்தற்ற வீட்டிலையும் கிடவன்."

அவர் மிகைப்படுத்தவில்லை. இடம்பெயர்ந்த ஆண்டுகளில் அவர் தூங்கிய இடங்கள் எல்லாம் பிறருடையவை. தகரக் கூரையும், ஒரு பக்கம் தறப்பாளால் மறைத்த சுவருமாக நின்ற அந்த வீடு அவருடையது. இனி ஓடினால் அதை இழப்பார். ஓடாதிருக்க அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எப்போது என்று முன்னரே தெரியவேண்டும். அறிவித்தலில் இல்லாததும் அது ஒன்றுதான்.

நான் அதை வாசித்த ஞாயிறுக்குப் பின் வந்த வாரத் தொடக்கத்தில், மக்களின் குறைகளைக் கேட்பதற்கென்று முகாமின் அதிகாரி ஒருவர் கோவில் மண்டபத்துக்கு வந்தார். பணிவானவர். தமிழ் ஓரளவு பேசினார். முன்கூட்டியே அறிவிப்பது தாங்கள் எடுத்த நல்ல முயற்சி என்றார்.

பின் வரிசையில் இருந்த ஒரு மீனவர் எழுந்தார். "காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டுப் போனால், நீங்கள் உரிமையாளர் எண்டதுக்கு அத்தாட்சி இல்லை எண்டு திருப்பி அனுப்புறாங்கள் ஐயா. வெடிச் சத்தத்துக்கு மட்டும் எங்களை உரிமையாளர் ஆக்கிப்போட்டியள். பெரிய உபகாரம்."

"கதவை மூடட்டாம் எண்டு கிடக்கு" என்றாள் இன்னொருத்தி. "முதல் கதவைத் தாங்கோ, மூடுறம்."

மண்டபம் சிரித்தது. அந்தத் துணிவில் நானும் எழுந்தேன்.

"எந்த நாள், எத்தினை மணிக்கு எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

"நேரம் சொல்ல முடியாது நங்கி. பாதுகாப்பு."

என்னைச் சிங்களத்தில் தங்கை என்று அழைத்தவரிடம் சின்னம்மாவைப் பற்றிச் சொன்னேன். அதிர்வு, வீதி, லொறி என்று ஒழுங்காகச் சொன்னேன். அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"அவங்களுக்குக் காது கேக்காது தானே? அப்ப சத்தத்தால என்ன பிரச்சினை?"

மறுபடியும் சிரித்தார்கள். இம்முறையும் எங்கள் ஆட்கள்தான். அவருடைய கேள்வியைவிட அந்தச் சிரிப்பு என்னை அதிகம் சுட்டது. சொல்லவேண்டிய மறுமொழி முழுதாக என்னிடம் இருந்தது. சிரிப்பு அடங்கியபோது கூட்டத்தின் பேச்சு குடிநீர்க் குழாய்ப் பிரச்சினைக்குப் போய்விட்டது.

திரும்பி வரும் வழியில், சின்னம்மாவுக்குப் பக்கத்து வளவு அக்கா என் கையைப் பிடித்தார். அவருடைய கணவர் கடற்றொழிலுக்குப் போகிறவர்.

"பாதுகாப்பாம்! கடலுக்குச் சொல்லுறாங்கள் பிள்ளை. கரைக்குத்தான் சொல்லமாட்டாங்கள்."

"கடலுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"சுடுற நாளிலை விடியவே கடல் பக்கம் சிவப்புக் கொடி ஏத்துவாங்கள், போட்டுகள் கிட்ட வரக்கூடாதெண்டு. முடிஞ்சால் இறக்குவாங்கள். எங்கட மனுசன் கரைக்குத் திரும்பேக்கை ஒவ்வொரு நாளும் பாக்கிறவர். இஞ்சையிருந்து தெரியாது, பனங்கூடல் மறைக்குது."

நான் மணலில் நின்றுவிட்டேன். பாதுகாப்புக்காக மறைக்கப்படும் அந்த நேரம், அந்தக் கடலில் போகும் எந்தப் படகும் பார்க்கக்கூடியதாகக் கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் இருப்பவர்களிடமிருந்து மட்டுமே அதை மறைத்திருந்தார்கள். மறைக்க வேண்டுமென்று கூட அல்ல. எங்களுக்கும் அது தேவைப்படும் என்று அந்த முகாமில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. இவற்றில் எது பெரிய கேவலம் என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

வழியை அக்காதான் கண்டுபிடித்தார். கணவர் படகிலிருந்து தொலைபேசியில் சொன்னதும், அக்கா தன் உடுப்புக் கொடியில் ஒரு பழைய சிவப்புச் சேலையைப் போடுவார். அது சின்னம்மாவின் குசினி வாசலுக்கு நேரே தெரியும். அந்த நேரத்தில் அக்கா கரைக்குப் போய் வலையிலிருந்து மீன் கழற்றவேண்டும், சின்னம்மாவோடு வந்து இருக்க முடியாது. என் அம்மாவும் படிப்பிக்கப் பாடசாலைக்குப் போய்விடுவார், விடுமுறை முடிந்தால் நானும் ஊரில் இருக்கமாட்டேன். சேலை தொங்கும்வரை வெடிக்கலாம். எடுத்துவிட்டால் முடிந்தது. இதை நான் கைகளாலும் வாயாலும் விளங்கப்படுத்தியபோது சின்னம்மாவுக்குக் கோபம் வந்தது.

"ஒருக்காச் சொன்னால் காணும்! எனக்குக் காதுதான் போனது, மூளை போகேல்லை."

சேலை தொங்கிய முதல் காலை நான் அங்கு இருந்தேன். சின்னம்மா முற்றத்தில் கதிரையைப் போட்டு, கவிழ்த்த வாளியின்மேல் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். ஒவ்வொரு வெடிக்கும் மடியிலிருந்த சுளகில் வெங்காயம் துள்ளியது. அவருடைய முகம் வெளிறியது. ஆனால் எழவில்லை. பனங்கூடலைப் பார்த்து, "காணுமடா, நிப்பாட்டுங்கோ! உங்கட தாய்மாருக்கும் இப்பிடியே செய்யிறனீங்கள்?" என்று திட்டினார். நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்த காலைகள் குறைவு.

அதற்கடுத்த வாரம் இரண்டு கடற்படையினர் சைக்கிளில் அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். நடந்ததை அக்கா பின்னர் எனக்கு நடித்தே காட்டினார்.

"இது என்ன கொடி?"

"கொடியோ? என்ரை சீலை தம்பி. தோய்ச்சுப் போட்டிருக்கு."

"போன கிழமையும் இதுதான் இருந்துச்சு."

"வீட்டிலை இருக்கிறது இது ஒண்டுதான். திருப்பித் திருப்பித் தோய்க்கிறன்."

"வேற கலர் போடுங்க. சிவப்பு வேணாம்."

எங்கள் பகுதியில் கொடியில் பறக்கும் சிவப்புக்கு அவர்கள் படித்திருந்த பொருள் ஒன்றுதான்: யுத்தகால இயக்கத்தின் கொடி. இளையவன் சேலையை இழுத்து எடுத்துச் சுருட்டிக்கொண்டான். மற்றவன் அக்காவைப் படலையடிக்குக் கூப்பிட்டுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதத் தொடங்கினான்.

சின்னம்மா தன் கதிரையிலிருந்து பார்த்தது இவ்வளவுதான்: சேலை எடுக்கப்பட்டது. அதன் பொருளை நாங்கள்தான் அவருக்குக் கற்பித்திருந்தோம். கால்களை இறக்கினார், வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அக்காவின் இலக்கத்தை அவர்கள் எழுதி முடிக்குமுன் முகாமில் வெடித்தது.

கப்பிக் கயிற்றை விட்டுவிட்டு ஓடியவர் கிணற்றுக்கட்டில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முறிந்த கையோடும் வீதிவரை ஓடியிருந்தார். வீதி வேலைக்காரர்கள் பிடித்து நிறுத்தினார்கள். மாமா ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்தார். அம்மா கெஞ்சியதில் ஒரு வாரத் தவணை கொடுத்தார். "இந்தக் கிழமையும் ஓடினால், சாமானை நானே வந்து கட்டுவன்."

அந்த ஞாயிறு, பூசைக்கு முன், பூசை உடுப்புகள் வைக்கும் சக்கிறீஸ்து அறையில் பங்குத்தந்தை எனக்குப் புதிய தாளொன்றைத் தந்தார். பயிற்சி தொடரும் என்று இருந்தது. நேரம் இல்லை. அதன் கீழே, முகாமின் பார்வைக்கு எட்டும் இடங்களில் கொடியை ஒத்த சிவப்புத் துணிகளைத் தொங்கவிடுவதைத் தவிர்க்குமாறு காணி உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது. அச்சுப் பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை எழுத்துகள் தெரியவில்லை.

"இதை நான் வாசிக்கமாட்டன், பாதர்."

"நீ வாசிக்காட்டி நான் வாசிக்கவேணும் பிள்ளை. பேந்து என்னட்டை வந்து கேப்பாங்கள்."

"வாசியுங்கோ."

வாழ்க்கையில் ஒரு குருவானவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். பூசை முடிவில், தலை நிமிராமல், விவாக அறிவித்தல்களுக்கும் சிரமதானத்துக்கும் நடுவில் அதை வேகமாக வாசித்து முடித்தார். கையில் கட்டுடன் முதல் வாங்கில் இருந்த சின்னம்மா, குனிந்த அவருடைய உதடுகளைப் பிடிக்க முடியாமல் என் பக்கம் திரும்பினார்.

நான் யாழ்ப்பாணம் திரும்பவேண்டிய காலை, விடைபெறுவதற்காகப் பையோடு ஒழுங்கையால் போனேன். சின்னம்மா கதிரையில் இருந்தார், கால்கள் வாளியின் மேல். அக்காவின் உடுப்புக் கொடியில் ஒன்றுமில்லை. கொடிக்கு முன்னால், சின்னம்மாவின் குசினிக்கு நேரே, அக்கா நின்றார். எங்கேயோ தேடி எடுத்த, தோளில் இறுக்கமான, பளீரென்ற சிவப்புச் சட்டை போட்டிருந்தார். தொலைபேசியில் கணவரோடு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"கிடக்கட்டும். வலையிலையே கிடந்து நாறட்டும். நான் இஞ்சை கொடியா நிக்கிறன் எண்டு சொல்லுறன், உமக்கு விளங்கேல்லையே?"

தொலைபேசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "துணியைத் தொங்கவிடக்கூடாதாம். உடுத்துக்கொண்டு நிக்கக்கூடாதெண்டு ஒருத்தனும் வாசிக்கேல்லை. வந்து கழட்டச் சொல்லட்டும் பாப்பம்."

"நான் நிக்கிறன் அக்கா. நீங்கள் கரைக்குப் போங்கோ."

"நீ இண்டைக்கு நிப்பாய். நாளைக்கு ஆர் நிக்கிறது? படிப்பை விட்டிட்டு வந்து நிப்பியோ? போ, பஸ் போயிடும்."

முதல் வெடி அப்போதுதான் வந்தது. காது கேட்கும் அக்காவின் தோள்கள் திடுக்கிட்டு எழுந்து இறங்கின. ஆனால் பாதங்கள் இடம் மாறவில்லை. சின்னம்மா நல்ல கையால் கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டு, பனங்கூடலைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தபடி இருந்தார். ஓடவில்லை.

இதில் நிம்மதி அடையவேண்டும் என்று அம்மா பின்னர் சொன்னார். எனக்கு முடியவில்லை. ஒரு முகாம், ஓர் அதிகாரி, ஒரு கிராம சேவகர் கந்தோர், ஒரு கோவில், இத்தனையும் சேர்ந்து ஒரு பெண்ணுக்கு ஒரு நேரத்தைச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு இன்னொரு பெண் தன் காலைத் தொழிலைக் கைவிட்டு, வெயிலில், கம்பமாக நிற்கவேண்டியிருந்தது. அதற்குப் பின்னர் வந்த காலைகளிலும் அவர் நின்றார். இந்த ஏற்பாட்டை எங்களுடைய கெட்டித்தனம் என்று யாராவது மெச்சும்போது எனக்கு இப்போதும் நாக்குக் கசக்கிறது.

அன்று காலை அக்காவின் தொலைபேசி மறுபடியும் அடித்தது. கரையிலிருந்துதான். அவர் எடுக்கவில்லை. இரண்டாவது வெடிக்கு, நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.