வாசிக்காமல் விட்ட பெயர்கள்

கல்யாணமாகி வன்னியிலிருந்து சென்னைப் பம்மலுக்கு வந்த முதல் மாதம், பக்கத்து வீட்டு அக்கா வாசலில் என்னைப் பார்த்து, "உங்க வூட்டுக்காரர் நேத்து எங்க வூட்டுக்காரர்கிட்ட ரொம்ப நேரம் பேசிகினு இருந்தாரு" என்றார். நான் பதறிப்போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் திகைத்துப் பார்த்தார். ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குக் காரணம் விளங்கும். நமக்குப் பேசுவதென்றால் ஏசுவது; மற்றதெல்லாம் கதைப்பது. இங்கே கதைத்தால் கதை விடுவதாக நினைக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் நானும் பேசப் பழகிவிட்டேன். ஆனாலும் யாராவது "பேசுங்க" என்றால், ஒரு கணம் யாரை ஏசுவதென்று மனம் தேடும்.

தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதித் தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சென்ற மாதம் மேனேஜர் கூப்பிட்டு, தீ விபத்துப் பயிற்சி நாளில் முழுக் கம்பெனிக்கும் நான்தான் மைக்கில் பேசவேண்டும் என்றார். பிறகு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். மறுத்தால் எனக்கு வரவிருக்கும் ப்ரொமோஷன் வேறொருவருக்குப் போகும் என்பதையும் சொல்லாமல் சொன்னார். மைக்கைப் பிடித்தால் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்பதை நான் சொல்லவில்லை. மைக்கில் பேசப் பழக்க ஒரு கோச்சை ஏற்பாடு செய்தார்கள்.

அந்தக் கோச், ரிஸ்வானா, பல்லாவரத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள். சாப்பாட்டு நேரம் முடிந்து காலியாகக் கிடக்கும் கேண்டீனில் ஒரு மைக்கையும் சின்ன ஸ்பீக்கரையும் வைத்து ஆரம்பித்தாள். முதலில் என் தமிழைத் திருத்தினாள். "அக்கா, 'வெளிக்கிடுங்கோ'ன்னா இங்க யாருக்கும் புரியாது. தீ புடிச்சாலும் அப்படியே உக்காந்துருப்பாங்க. 'வெளிய வாங்க'ன்னு சொல்லுங்க." இருவரும் சிரித்தோம். பிறகு பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தாள். "ஒரு பேர் சொன்னதும் நிறுத்துங்க. பதில் வர்ற வரைக்கும் அடுத்த பேருக்குப் போகாதீங்க."

முதல் பெயரைச் சொன்னேன். நிறுத்தினேன். ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். மூன்று நாளும் அதே இடத்தில்தான் உடைந்தேன்.

எனக்குப் பதினாலு வயதில் யுத்தம் முடிந்து நாங்கள் முள்வேலி முகாமில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடிய குரல் என்பதால் அறிவிப்பு மைக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பிள்ளையைத் தொலைத்தவர்களும் தாயைத் தொலைத்தவர்களும் கிடைத்த காகிதத்தில் பெயர் எழுதித் தருவார்கள். நான் வாசித்துவிட்டுக் காத்திருப்பேன். அநேகமாக யாரும் வரமாட்டார்கள். ஒரு மாலை தொண்டை கட்டிவிட்டது. மிஞ்சியிருந்த பதினொரு துண்டுகளை, நாளைக்கு வாசிக்கலாமென்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். விடிந்ததும் பஸ்கள் வந்து பாதிச் சனத்தை வேறு முகாமுக்கு ஏற்றிப்போயின. அந்தப் பதினொரு பேரில் யாராவது அந்த பஸ்களில் இருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. எழுதித் தந்தவர்களிடம், வாசித்தேன், ஒருவரும் வரவில்லை என்று சொன்னேன். இதைப் படிக்கும் உங்களில் அவர்களும் இருக்கலாம்.

நாலாம் நாள் இதையெல்லாம் ரிஸ்வானாவிடம் சொன்னேன். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"இதுக்கு எனக்கு எந்த டெக்னிக்கும் தெரியாதுக்கா" என்றாள். பிறகு, "அந்தப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"எல்லாம் ஞாபகம்."

மைக்கை என் பக்கம் நகர்த்தினாள்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தகப்பன் பெயர், ஊர், வயது, எங்கிருந்தாலும் மைக் உள்ள இடத்துக்கு வரவும் என்று அன்று சொல்லவேண்டியிருந்தபடியே. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு காத்திருந்தேன். ரிஸ்வானா தலை குனிந்துகொண்டாள். பதினோராவது பெயர் முடிந்தபோது, மேசை துடைக்கும் மல்லிகா அக்கா சமையலறையிலிருந்து ஈரத் துணியோடு எட்டிப் பார்த்தார்.

"யாரை இப்படிக் கூப்டுகினு கீற? இங்க யாருமே இல்லியே."

அவர் கதவு வரை போய், வெளியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பயிற்சி நாளில் மைதானத்து வெயிலில் எல்லோரும் வரிசையாக நிற்க, ரிஸ்வானா திருத்திய தமிழில் தடங்கலில்லாமல் பேசினேன். பெயர் கூப்பிட்டேன். "இருக்கேன்", "இருக்கேன் மேடம்" என்று ஒவ்வொருத்தியாகக் கை உயர்த்தினார்கள். ஒருத்தி பதில் சொல்லச் சற்றுத் தாமதித்த போதெல்லாம், வரிசைக்குப் பின்னால் வேறு யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பத் திரும்ப அங்கே பார்த்தேன். மேனேஜர் கைதட்டினார். நான் அப்படிப் பார்த்ததை, கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம் என்று எடுத்துக்கொண்டாராம்.

ரிஸ்வானா தன் போனில் என் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்பியதை, ஒன்றும் எழுதாமல் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். பின்னேரம் அம்மா எனக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

"இந்தியத் தமிழில வடிவாக் கதைக்கிறா. ஆர் பிள்ளை அது?"

நான்தான் என்று வாய்வரை வந்தது.

"எங்கட கொம்பனியில ஒரு பிள்ளை, அம்மா."

"இவ்வளவு சனத்துக்கு முன்னால கொஞ்சமும் பயப்பிடேல்லை" என்றார் அம்மா. "அவவின்ர தாய் குடுத்து வைச்சவ."