பூசையில் வைத்த துப்பாக்கி

என் மகளுக்கு இடது காது கேட்காது. பிறவிக் குறை அல்ல. அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு விஜயதசமிக் காலையில், எங்கள் வீட்டுத் துப்பாக்கி அவள் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. அம்பாசமுத்திரத்தில் என் புகுந்த வீட்டுக்கு யார் போனாலும் முன்கூடத்தில் உட்காரவைத்து, மேலே மச்சுப் பலகையில் விழுந்த ஓட்டையைக் காட்டுவார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அந்தக் கதையில் புகை வரும், போலீஸ் வேஷம் வரும், ஓட்டை வரும், என் மகளின் காது மட்டும் வராது. என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

அது ஒற்றைக்குழல் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று மாமாவின், அதாவது என் மாமனாரின், அப்பா வாங்கியது. பிறகு லைசென்ஸ் மாமா பேருக்கு வந்தது. காட்டுப்பன்றி வருமாம். மலையடி வயலில் பன்றி இறங்கும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மலையடி வயலையெல்லாம் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே விற்றுத் தீர்த்தாகிவிட்டது. மிச்சமிருந்தது ஊருக்குள் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் நெல்வயல், அதுவும் குத்தகையில். அங்கே பன்றி வரவேண்டுமென்றால் பாபநாசத்தில் பஸ் ஏறித்தான் வரவேண்டும். மாமா கூட்டுறவுச் சங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயலை விற்கும்போது கலங்காத மனுஷர், துப்பாக்கியை மட்டும் விடவில்லை. எங்கள் வீட்டுக்குப் பெயரே துப்பாக்கிக்காரர் வீடு. பாளையங்கோட்டையில் என் அப்பா வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூடத் தரகர் அதைத்தான் முதலில் சொன்னார். என் அப்பாவும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

கூடத்துச் சுவரில் அது மாட்டியிருக்கும். ஸ்டூலைப் போட்டு ஏறினால் பிள்ளைகளுக்கு எட்டும். நான் பலமுறை சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காய் நறுக்கிவிட்டு அருவாமனையைப் படுக்கவைக்காமல் எழுந்துவிட்டேன். என் அத்தை, அதாவது மாமியார், அன்றைக்கு என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "பச்சைப் பிள்ளை நடமாடுத வீடு, இப்படியா விட்டுட்டுப் போவ? படிச்சவதான நீ?" நியாயமான ஏச்சு, வாங்கிக்கொண்டேன். ஆனால் அதே வீட்டில், காப்பி குடிக்க வந்தவர்கள் கையில் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கினவர் அதைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிரே உட்கார்ந்திருக்கிற மச்சினனைக் குறிபார்ப்பார். மச்சினன் இரண்டு கையையும் தூக்குவார். எல்லாரும் சிரிப்பார்கள். கத்தரிக்கோலைக் கூர்முனை முன்னால் இருக்கும்படி நீட்டினால் முறைக்கிற சனம் இது. நான் முகத்தைச் சுளித்தால் உடனே ஒரு பதில் வரும்: "வெறுந் துப்பாக்கிதானம்மா." அந்த வெறுமையை யாராவது ஒருநாள் திறந்து பார்த்ததுண்டா என்றால், கிடையாது. வெறும் என்று சொன்னாலே அது வெறும் ஆகிவிடும் போலிருக்கிறது.

என் கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தான். நாள் முழுக்கக் கடையில் சண்டைப்படம் ஓடும். துப்பாக்கி பிடித்த கதாநாயகன் எப்படி நிற்பானோ அப்படியே இவனும் நிற்பான். கூலிங் கிளாஸ் போட்டு, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து ஒரு கலர் போட்டோ எடுத்து, அதைத்தான் பெண் வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார்கள். லைசென்ஸ் அவன் பேரில் இல்லையே என்று நான் கேட்டதற்கு, "மைனி, போட்டோவுல லைசென்ஸா தெரியப்போவுது?" என்றான். வேட்டியோ பேண்ட்டோ தனக்குத் தராத ஒரு கம்பீரத்தை அந்த இரும்பு தருகிறது என்று அவனை நம்பவைத்தது யார்? தெருவே சேர்ந்துதான் நம்பவைத்தது. கோயில் கொடையில் சாமி புறப்படும்போது மாமா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். தெருவே கை தட்டும். மேலே போனது எங்கே போய் விழும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இனி அந்தப் பூசைக்கு வருகிறேன். சரஸ்வதி பூசையன்று துப்பாக்கியை இறக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, என் மகளின் பாடப்புத்தகங்களுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் சாய்த்து வைப்பார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி பூசையில் எதையும் வெறுமனே வைக்கக் கூடாது. மரக்கால் வைத்தால் நெல் நிறைந்திருக்க வேண்டும். நாழியில் அரிசி வேண்டும். குங்குமச் சிமிழ், எண்ணெய்த் தூக்கு, மாமாவின் மணிபர்ஸ் எல்லாமே நிறைந்துதான் உட்காரும். மங்கலம் என்றால் நிறைவு, சரிதான். அந்தக் கணக்கில் துப்பாக்கியும் நிறைந்திருக்க வேண்டுமென்று ஒரு தோட்டாவைப் போட்டு மூடித்தான் வைப்பார் மாமா. எனக்கு அது தெரியவந்தது அந்த வருஷம்தான், அவர் போடுவதைக் கண்ணால் பார்த்தபோது.

"மாமா, என்ன இது, தோட்டாவா போடுதீங்க?"

"பின்ன? பூசையில வெத்தா வச்சா வீட்டுக்கு ஆகுமா? நாளைக்குப் புனர்பூசை முடிஞ்சதும் நானே எடுத்திருவேன். என்னைக்கும் உள்ளதுதான். நீ போய்ச் சுண்டலைத் தாளி."

நான் தாளிக்கப் போகவில்லை. என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். பிள்ளை உட்கார்ந்து படிக்கிற இடம், எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பாவுக்குத் துப்பாக்கியைப் பத்தி நீ பாடம் எடுக்கப் போறியாக்கும்? பள்ளிக்கூடத்துல எடுக்கது போதாதா?" என்றார். நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். அதைச் சொல்லிக் குத்துவது அந்த வீட்டில் எல்லாருக்கும் கைவந்த கலை.

மறுநாள் விஜயதசமி. மாமா காலையிலேயே ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். திரும்பி வந்துதான் புனர்பூசை. பூசையிலிருந்து எடுத்த புத்தகத்தைப் பிள்ளைகள் அன்று கொஞ்சமாவது வாசிக்க வேண்டும் அல்லவா. என் மகளுக்குப் பொறுமை இல்லை. அவளே தமிழ்ப் புத்தகத்தை உருவி எடுத்து, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

கொழுந்தன் குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கு மாலை போட்டிருந்தான். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டிப் போகிறவர்களோடு இவனும் சேர்ந்து, போலீஸ் வேஷம் கட்டினான். காக்கிச் சட்டை, தொப்பி, ஒட்டு மீசை எல்லாம் சரியாக அமைந்திருந்தன. கையில் இருந்த மரத்துப்பாக்கிதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. தெருவில் வேன் நின்றது. கூட்டாளிகள், "ஏலே, நெசத் துப்பாக்கியோட ஒரு போட்டோ எடுலே" என்று வெளியிலிருந்து கத்தினார்கள். இவன் உள்ளே வந்து, பூசையிலிருந்து துப்பாக்கியைச் சந்தனத்தோடு எடுத்தான். என் மகளுக்குப் பின்னால் இடப்பக்கமாக வந்து நின்று, குழலை மேலே பார்க்கச் சாய்த்து, "திருடி ஒருத்தி அம்புட்டுட்டா" என்றான். குதிரையைப் பின்னால் இழுத்து விசையை அழுத்தினால் டிக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகத்தான் அழுத்தினான்.

நான் ஓடிவந்தபோது கூடம் முழுக்கப் புகை. மச்சிலிருந்து மரத்தூளும் பழைய தூசியும் என் பிள்ளையின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தன. அவள் அழவில்லை. புத்தகத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டது என் தொண்டைக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். "அம்மா, உள்ள வண்டு கத்துது" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொழுந்தன், "அப்பா தோட்டாவை எடுத்திருப்பாவன்னு நெனச்சேன்" என்றான். ஆற்றிலிருந்து வந்த மாமா, "நான் வரதுக்குள்ள இவன் தொடுவான்னு என்னத்தக் கண்டேன்" என்றார். என் வீட்டுக்காரர், "அப்பா எப்பவும் கவனமா இருப்பாவளே" என்றார். ஆளுக்கொரு நம்பிக்கை. என் பிள்ளைக்கு மட்டும் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தை கற்பூரம் ஏற்றிச் சுற்றிப்போட்டு, அம்மன் காப்பாற்றிவிட்டாள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேர்ச்சை தடைபடக் கூடாதென்று கொழுந்தனும் வேனில் ஏறிப் போயே போய்விட்டான். வரும்போது அண்ணன் மகளுக்கென்று உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வந்தான். காதுக்குக் கருப்பட்டி.

பாளையங்கோட்டைக்குக் காது டாக்டரிடம் கிளம்பும்போது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டாக்டர் கேட்டா தீபாவளி வெடின்னு சொல்லு. துப்பாக்கின்னா விஷயம் ஸ்டேஷன் வரைக்கும் போகும். லைசென்ஸைப் பிடுங்கிருவான்." அவர் முகத்தில் அன்று முதன்முதலாகக் கவலையைப் பார்த்தேன். லைசென்ஸைப் பற்றிய கவலை அது. நான் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார், அப்படியும் சொன்னேன். டாக்டர் லைட்டைப் போட்டுக் காதைப் பார்த்தார், சோதனைகள் செய்தார். கிழிந்த சவ்வு ஆறிவிடும் என்றும், உள்ளே நரம்பு அடிபட்டிருப்பதால் கேட்கும் சக்தி திரும்பாது என்றும் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம், "சிங்கிள் பேரலா, டபுளா? எங்க மாமனார் வீட்டுல ஒரு டபுள் பேரல் உண்டு, சார். வெளிநாட்டு அயிட்டம்" என்றார். இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொன்னார். படித்தவர், படிக்காதவர், வைத்தியம் பார்க்கிறவர், பறிகொடுத்தவர், இதில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அடுத்து ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சுவரில் வெறும் ஆணி மட்டும் இருந்த அந்த நாட்களில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். வீட்டில் திருட்டுப் போகவில்லை, பன்றி வரவில்லை, யாரும் எங்களை மதிக்காமலும் இல்லை. தேர்தல் முடிந்ததும் என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். அது அங்கேயே கிடக்கட்டும், திருப்பி வாங்காதீர்கள், இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள் என்றேன்.

"அப்பாவுக்கு உசுரே அதுதான். தம்பிக்கு வேற பொண்ணு பாக்காவ. இந்த நேரத்துல சுவர்ல துப்பாக்கி இல்லேன்னா நாலு பேர் என்ன நெனைப்பா?"

நாலு பேர் நினைப்பதற்காக என் மகள் இருக்கிற காதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். துப்பாக்கி திரும்பி வந்தது. பழைய வேட்டியில் சுற்றி அவரேதான் கொண்டுவந்தார்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். கேசரி, மிக்சர், காப்பி. பெண்ணின் அப்பா கையில் துப்பாக்கி போயிற்று. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மச்சில் உள்ள ஓட்டையைப் பார்த்தார். கொழுந்தன் கதையை ஆரம்பித்தான். தொப்பி பறந்தது, ஒட்டு மீசை பிய்ந்தது, வேனில் இருந்தவர்கள் எதிரிகள் வந்துவிட்டார்கள் என்று ஓடினது என்று நடித்துக் காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடப்பக்கத்திலிருந்து மாமா கூப்பிட்டார்.

"ஏ பிள்ளை, இங்கன வா. வண்டு கத்துதுன்னு சொன்னியே, அதைச் சொல்லிக் காட்டு."

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். மாமா மறுபடியும் கூப்பிட்டார். பெண்ணின் அம்மா சிரித்தபடியே, "தாத்தா கூப்பிட்டா ஏன்னு கேக்கக்கூடாதா? பிள்ளைக்குச் செல்லம் கொஞ்சம் கூடுதலோ?" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன், என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சொல்வதற்கு அவர்களுக்கு நேரம் இருந்தது. மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "அவ அப்படித்தான். ஒரு பிடிவாதக்காரி" என்றார்.

நான் காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். "பிடிவாதம் இல்ல. அவளுக்கு அந்தக் காது கேக்காது. உங்க கையில இருக்கு பாருங்க, அது வெடிச்சதுலதான் போச்சு" என்றேன்.

பெண்ணின் அப்பா துப்பாக்கியைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "நல்லவேளை, குழல் மேல பாத்து இருந்திருக்கு" என்று மாமாவிடம் சொன்னார். மாமாவும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பெண்ணின் அப்பா அதை மடியில் படுக்க வைத்துக்கொண்டு காப்பியை எடுத்தார். குழல் இப்போது ஜன்னலோரத்தைப் பார்த்து இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த ஒருத்தரும் கவனிக்கவில்லை.

நான் போய் அதற்கும் என் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் புடவை பட்டதும் அவள் தலையைத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள்.

"என்னம்மா, கூப்பிட்டியா?"

"ஆமா" என்றேன். "புத்தகத்தையெல்லாம் எடுத்துப் பையில வை. நாம பாளையங்கோட்டைக்கு, எங்க அப்பா வீட்டுக்குப் போறோம்."