வீட்டு விஷயம் பேசக் கூடாது

வெளிநாட்டுக்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மைசூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். நான் பெங்களூர் விமான நிலையத்தைத் தாண்டியதில்லை. அதுவும் ஆளை ஏற்றிவிடப் போனதுதான். ஜெர்மனிக்காரரிடம் எவ்வளவு சம்பளம் என்று கேட்கக் கூடாது, ஏன் குழந்தை இல்லை என்று கேட்கக் கூடாது, வீட்டு விஷயத்தை வேலைக்குள் கொண்டுவரவே கூடாது. என்னிடம் படித்தவர்கள் இதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். ஆபீசில் என்னிடமே யாரும் எதுவும் கேட்பதில்லை.

போன வருடம் என் மனைவிக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அதே காலையில்தான் ஜெர்மனி வாடிக்கையாளர் என் வகுப்பைப் பார்வையிடுவதாக இருந்தது. ஒப்பந்தம் தொடருமா என்பது அவர் கையில்.

"ஒரு வார்த்தை லீவு கேளுங்க ரீ. நான் உள்ள போறப்ப நீங்க வெளிய இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள் மனைவி. மைசூர்ப் பக்கம் 'ஏங்க' என்பதற்கு 'ரீ'. இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. சரி என்றேன். கேட்கவில்லை. பாடம் நடத்துகிறவனே பாடத்தை மீறுவதா என்று ஒரு வீம்பு. பயம் என்றும் சொல்லலாம்.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு ஜெர்மனிக்காரர் வந்து இறங்கினார். வாசலில் செக்யூரிட்டியிடம் "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் கேட்கிறாராம். இந்தியர்களிடம் எப்படிப் பழகுவது என்று அவர்கள் ஊரிலும் ஒருவர் பாடம் எடுக்கிறார் போலிருக்கிறது. கையில் அச்சடித்த தாள் வேறு.

காபி வந்தது. தாளைப் பார்த்துக்கொண்டே, "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நலம், நன்றி. நாளைய நிகழ்ச்சி நிரலைப் பார்க்கலாமா?" என்றேன். என் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண்.

அவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "முதல் பதில் மரியாதைக்குச் சொல்வது, இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இதில் போட்டிருக்கிறது" என்றார். கொஞ்சமும் சிரிக்காமல் மறுபடி கேட்டார். "வீட்டில் எல்லாரும் நலமா?"

இல்லை என்றேன். வால்வு, வியாழக்கிழமை, மனைவி கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன், ஆபீசில், வேலை நேரத்தில்.

அவர் தாளைப் பார்த்தார். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை போலும். கவிழ்த்து வைத்தார்.

"வகுப்பை அடுத்த வாரம் பார்க்கிறேன். அவரை எத்தனை மணிக்கு உள்ளே அழைத்துப் போகிறார்கள்?"

ஏழரைக்கு என்றேன்.

"அப்படியானால் ஆறு மணிக்கே நீங்கள் அங்கே இருக்க வேண்டும்" என்றார்.

ஐந்தரைக்கே போய்விட்டேன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வெளியேதான் நின்றிருந்தேன்.