வண்டியில் பூசிய சேறு

எனக்குத் தொழில் பல் செட் செய்வது. தென்காசியில் ஒரு மாடியறையில் இருபது வருஷத்துக்கு மேலாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல்லைக் கட்டிக் கொடுத்தனுப்புவேன். அதை மாட்டிக்கொண்டு சிரிப்பவர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்கும் அதில் வருத்தம் கிடையாது. மனிதர்களோடு அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால்தான் இதைப் பிடித்துக்கொண்டேன்.

மிச்ச நேரத்தில் பட்டாள வண்டிகள் செய்கிறேன். நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்கு, பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். வெட்டி, உரசி, ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். பல்லுக்கு வைத்திருக்கும் டிரில்லும் இடுக்கியும் இதற்கும் ஆகும். டாங்கி, ஜீப், ஆம்புலன்ஸ், பாலம் சுமக்கும் லாரி என்று நாற்பத்துச் சொச்சம் வண்டிகள் அறையின் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. கட்டாத பெட்டிகள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் அதே அளவு கிடக்கின்றன. “ஒரு பட்டாளத்தையே வச்சிருக்கியளே, அதுல ஒருத்தனாவது போய் ரேஷன் அரிசி வாங்கியாரானா?” என்று என் வீட்டுக்காரி கேட்பாள். கேள்வியில் நியாயம் இருந்தது.

எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது சேறு. வண்டியைக் கட்டி வர்ணம் அடித்ததோடு வேலை முடிவதில்லை. அது ஓடிய வண்டி போலத் தெரிய வேண்டும். துரு, கீறல், புகைக்கரி, சக்கரத்தில் சேறு. அதிலும் சேற்றில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்வார்கள். குளத்து மண், செம்மண், ஐந்தருவிக்குப் போகிற பாதையோரக் கருமண் என்று தனித்தனியாகச் சலித்து, வர்ணப்பொடியோடு கலந்து டப்பாக்களில் வைத்திருக்கிறேன். நேற்றைய சேறு, இன்றைய சேறு, காய்ந்து உதிரப்போகிற சேறு எல்லாம் எனக்கு வரும். குழுவில் ஒருவர் என்னைச் ‘சேத்து அண்ணாச்சி’ என்றே கூப்பிடுவார். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

என் அறைக்கு வாரம் இரண்டு தடவை ஒரு பெண் வருவாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள், அங்கிருந்து பல் அளவுகளைக் கொண்டுவந்து தருவாள். வீடு குத்துக்கல்வலசை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி டிரைவர். போன வருஷம் ஆடி மாதம் வடக்கே மலைப்பாதையில் மண் சரிந்து, அவர் ஓட்டிப்போன வண்டியை அப்படியே மூடிவிட்டது. நாலு நாள் தோண்டித்தான் ஆளை எடுத்தார்கள்.

துட்டிக்கு நானும் போயிருந்தேன். சவப்பெட்டி ஆணியடித்து வந்தது, மேலே கொடி போர்த்தியிருந்தது. குளிப்பாட்டுவதற்காகச் சொந்தக்காரர்கள் நீர்மாலைக்குப் போய் எடுத்துவந்த குடம் வாசலிலேயே நின்றது. கூட வந்த பட்டாளக்காரர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர், “தொறக்குற நெலமையில இல்லம்மா” என்றார். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. “தொறந்து பாக்கணும்னு சொல்லலை சார். ஒரு குடம் தண்ணி மட்டும் ஊத்திக்கிடுதேன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டியைத் தூக்கிய பிறகு யாரோ அந்தக் குடத்துத் தண்ணீரை மதிலோரம் கொட்டினார்கள். இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததெல்லாம் பிறகு எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

இந்த வருஷம் வைகாசியில் ஒருநாள் அளவுகளை மேஜையில் வைத்துவிட்டு, அலமாரிக்கு முன்னால் நின்றாள். பத்து வருஷமாக வந்துபோகிறவள், அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தாள்.

“அண்ணாச்சி, இதுல அவுக ஓட்டுன மாதிரி வண்டி இருக்கா?”

“இல்லையேம்மா.”

“செஞ்சு தருவியளா? ஆடியில தலைத் தெவசம் வருது. போட்டோ பக்கத்துல வைக்கணும். அவுக ஞாபகமா அங்கன இருந்து வந்தது ஒரு டிரங்குப் பெட்டிதான். அதுல ரெண்டு சட்டையும் ஒரு ஸ்வெட்டரும் கிடந்துச்சு. வேற ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி.”

சரி என்று சொல்லிவிட்டேன். இதுவரை நான் யாருக்கும் வண்டி செய்து கொடுத்ததில்லை, கேட்டவர்களிடமெல்லாம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவளிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தெவசத்துக்குச் செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் படைப்பார்கள். அந்த மனுஷனுக்குப் பிடித்தது வண்டி. அது படையலில் இருக்க வேண்டும் என்கிறாள், நாளும் குறித்தாயிற்று.

அவர் ஓட்டிய லாரி பெட்டியாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டு லாரி ஒன்றை வாங்கி முகத்தை மாற்றினேன். முன் கம்பி வலையையும் பம்பரையும் பல் செட் செய்கிற அக்ரிலிக்கில் வார்த்தேன். பின்னால் தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து விரித்தேன். இதற்கெல்லாம் ஆதாரம் அவளுடைய போனில் இருந்த இரண்டு போட்டோக்கள். இரண்டிலும் அவர்தான் முழுசாகத் தெரிந்தார், வண்டி பாதிதான் தெரிந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது, மனுஷன் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கக் கூடாதா என்று. அப்படி நினைத்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

அவள் வரும்போதெல்லாம் கேள்வி கேட்பேன். ஸ்டெப்னி எந்தப் பக்கம்? கண்ணாடிக்கு மேலே ஏதாவது எழுதியிருந்ததா? கேட்டதற்கு அவளிடம் பதில் இருக்காது. வேறு எதையாவது சொல்வாள்.

“அது தெரியாது அண்ணாச்சி. ஆனா சாயங்காலம் போன் பண்ணும்போதெல்லாம், ‘இரு, வண்டியக் கழுவிட்டு வாரேன்’னுதான் சொல்லுவாக. ஐஸ் மாதிரித் தண்ணியாம். கை வெறைச்சுப் போகுமாம். அப்பவும் கழுவாமப் படுக்க மாட்டாக. லீவுல இங்கன வந்தாலும் பைக்கக் கழுவுவாக. எங்க அண்ணன் பைக்கையும் பிடிச்சுக் கழுவி விட்டுருவாக.”

“சரிம்மா, டயர் பட்டை நேர்க்கோடா, கோணக்கோடா?” என்பேன் நான்.

குறிப்பு நோட்டில் டயர்க் கோட்டை எழுதினேன். கழுவியதை எழுதவில்லை.

ஆனி பிறக்கவும் சாரல் கட்டிக்கொண்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஊருக்கெல்லாம் சீசன், எனக்கு மட்டும் கஷ்டகாலம். ஈரக்காற்றில் வர்ணம் அடித்தால் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். வெயில் எட்டிப் பார்த்த நாலைந்து நாளைப் பிடித்துப் பச்சை வர்ணத்தையும் எண்களையும் அதன்மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சையும் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு என் வித்தை பாக்கி இருந்தது.

மலைப்பாதையில் ஓடிய லாரி என்பதால் கருமண்ணையும் செம்மண்ணையும் கலந்தேன். சக்கர வளைவுகளுக்குள் திட்டுத் திட்டாக அப்பினேன். கதவில் பாதி உயரம் வரைக்கும் தெறிக்க வைத்தேன். முன் கண்ணாடியில் வைப்பர் துடைத்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் மண் படர விட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. சேற்றின் மேல் கடைசிப் பூச்சு ஒன்று அடித்திருந்தால் அது நிலைத்திருக்கும். சாரல் விடவில்லை, அதனால் அடிக்கவில்லை. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். ‘அண்ணாச்சி, இதுதான் உங்க பெஸ்ட்’ என்று வந்தது. இரண்டு நாள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தெவசத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பல் செட் அனுப்புகிற அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து வண்டியை எடுத்துக்கொண்டு குத்துக்கல்வலசைக்குப் போனேன். வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். மாமியார் வீட்டு ஆட்கள் மறுநாள் சுரண்டையிலிருந்து வருவார்களாம். சுவரில் போட்டோ, அதற்குக் கீழே சின்ன மேஜை, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தாள். வண்டிக்கென்று நடுவில் இடம் விட்டிருந்தாள்.

நான்தான் பெட்டியைத் திறந்து வண்டியை வெளியே வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பேச்சு வராத அளவுக்கு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அவள் விரலை நீட்டிக் கதவைத் தொட்டாள். விரல் நுனியில் செம்மண் ஒட்டியது.

“இது என்னது அண்ணாச்சி?”

“சேறும்மா. மலையில ஓடுன வண்டில்லா, அப்படித்தான் இருக்கும். வெறும் பெயிண்ட் இல்ல, நிஜ மண்ணையே சலிச்சுக் கலந்திருக்கேன்.”

சொல்லும்போது என் குரலில் இருந்த சந்தோஷம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. வேறு எந்த மடையனும் இப்படிச் செய்ய மாட்டான். வண்டி செய்கிறவன்தான் செய்வான். மண்ணுக்குள் புதைந்து செத்தவனுடைய வண்டிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மண் பூசி, அதை அவன் பெண்டாட்டியிடமே கொண்டுபோய்க் காட்டிப் பெருமை பேசினேன். ஆனால் அந்த நிமிஷத்தில்கூட எனக்கு இது உறைக்கவில்லை.

அவள் விரலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஒரு சில்வர் தாம்பாளமும் செம்பில் தண்ணீரும், மடித்த வெள்ளைப் பனியன் ஒன்றும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். வண்டியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள்.

“ஏம்மா, என்ன செய்யுத? தண்ணி பட்டா எல்லாம் போயிரும்!” என்று கத்திவிட்டேன். குனிந்து வண்டியைப் பிடுங்கக்கூடக் கை நீட்டினேன்.

அவள் கோபப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“அவுக பெட்டிக்குள்ள இருந்தாகள்லா, அப்ப யாராவது கழுவி விட்டிருப்பாகளா அண்ணாச்சி? இல்ல, இப்பிடியேதான் வச்சு மூடிட்டாகளா? ஒரு வருசமா எனக்கு இதே நெனப்புதான். யார்ட்ட கேக்கதுன்னும் தெரியல.”

நீட்டிய கை அப்படியே நின்றது. வாசலில் நின்ற குடம் அப்போதுதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மதிலோரம் கொட்டிய தண்ணீரும் வந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொன்னால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அது நான் செய்ததைவிடக் கேவலம் என்றும் தோன்றியது.

அவள் ஒரு கையால் செம்பைச் சரித்து, மறு கையால் துடைக்கப் பார்த்தாள். வண்டி தாம்பாளத்தில் உருண்டுகொண்டே இருந்தது. சக்கரம் உருள வேண்டும் என்று நான்தான் மெனக்கெட்டு அப்படிச் செய்திருந்தேன்.

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். முன்னும் பின்னுமாக இரண்டு விரல் கொடுத்து வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

“கண்ணாடிய மேல இருந்து கீழ தொடைம்மா” என்றேன். “சக்கரத்துக்கு உள்பக்கம் நெறைய இருக்கு. அதுக்குக் கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்து.”

அவள் ஊற்றினாள். செம்மண் கரைந்து தாம்பாளத்தில் இறங்கியது. பனியனின் நுனியை விரலில் சுற்றி ஒவ்வொரு சக்கரமாக, கதவாக, பம்பராகத் துடைத்தாள். அடியில் பச்சை வர்ணம் பளிச்சென்று இருந்தது. மூன்று செம்புத் தண்ணீர் செலவாயிற்று. கடைசிச் செம்பில் அழுக்கு எதுவும் வரவில்லை, தண்ணீர் தெளிவாகவே விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுதுகொண்டே, “போதுமா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

நான் வண்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அச்சுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு மண் இருந்தது. அதைக் காட்டினேன். அவள் துடைத்தாள்.

“போதும்மா” என்றேன்.