பதினொன்றில் ஒன்பது

வானியல் ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பட்டப்பெயர் வைத்த ஆள் வேலையை விட்டுப் போய் எட்டு வருடமாகிறது, பெயர் போகவில்லை. தொலைநோக்கியிலிருந்து வரும் நிறமாலை வரைபடத்தின் அடிப்பகுதி, கருவியின் கோளாறால் அலை அலையாக நெளியும். அந்த நெளிவை ஒட்டி ஒரு கோடு போட்டுக் கழித்தால்தான், விண்மீன் மண்டலத்தின் வாயு எழுப்பும் மேடு தனியாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக அந்தக் கோட்டைப் போட்டுவந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள்.

அவர் பார்த்தவை அகச்சிவப்பில் ஜொலிக்கும் மண்டலங்கள். உள்ளே நட்சத்திரங்கள் கண்டபடி பிறந்துகொண்டிருக்கும்; தூசி அந்த வெளிச்சத்தை விழுங்கி வெப்பமாக வெளிவிடும். அந்த ஆர்ப்பாட்டமே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். நட்சத்திரங்களும் நடுவிலிருக்கும் கருந்துளையும் வாயுவை ஊதி வெளியே தள்ளிவிட்டால், அடுத்த நட்சத்திரத்துக்குக் கச்சாப்பொருள் இருக்காது. வாயு அப்படி வெளியேறும்போது மேட்டின் இருபுறமும் மெல்லிய வீக்கம் தெரியும். அறையில் அதற்குத் தோள் என்று பெயர்.

பதினோரு மண்டலங்களில் அவர் தோளைக் கண்டுபிடித்தார். எவ்வளவு வாயு போகிறது என்று கணக்கிட்டார். அந்த எண் உலகம் சுற்றியது. குழுவின் தலைவரான பேராசிரியருக்குப் பதக்கம் வந்தது, இவருக்கு அதே நாற்காலி. பத்து வருடம் கழித்து, ஐம்பதை நெருங்குகையில், ஒரே ஒரு நிரந்தர இடம் விழுந்திருந்தது. வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை நேர்முகம்.

திங்களன்று அதே பதினொன்றையும் பார்த்த புதிய தொலைநோக்கியின் தரவு வந்தது. அடிப்பகுதி சமையல் மேடை போல மட்டமாக இருந்தது. மேடு இருந்தது. இரண்டைத் தவிர மற்றதில் தோள் இல்லை.

கருவியின் மேல் பழியைப் போட்டுப் பார்த்தார். இரண்டு நாள் முயன்றும் பழி ஒட்டவில்லை. புதன்கிழமை, வேறு வழியில்லாமல், கணினியில் ஒரு போலி நிறமாலையைச் செய்தார். தோளே இல்லாத மேடு, கீழே பழைய கருவியின் நெளிவு. அதில் தன் பழைய கோட்டைப் போட்டார். நெளிவு அதிகம் என்று அந்தக் காலத்தில் ஐந்தாம் படி வளைகோடு எடுத்திருந்தார். மேட்டை மறைத்துவிட்டு வளைத்த அந்தக் கோடு, மறைத்த இடத்தில் இருபுறமும் கொஞ்சம் தொய்ந்திருந்தது. கழித்ததும் இருபுறமும் லட்சணமாகத் தோள் முளைத்தது. பதினொன்றில் ஒன்பது அவர் கையால் முளைத்தவை.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களுக்குப் பொறுக்கலையா?”

“தெரிஞ்சுபோச்சே சார்.”

“உங்களுக்குத்தானே தெரிஞ்சிருக்கு. கமிட்டிக்குத் தெரியாதுல்ல. மொதல்ல உள்ள வாங்க. திருத்தம் அப்புறம் எழுதலாம்.”

மனைவி கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துபவள். வேலையிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க சொல்லலைன்னா யாராவது கண்டுபிடிப்பாங்களா?”

“ஆறு மாசத்துல யாராவது பாத்துடுவாங்க.”

“அதுக்குள்ள நிரந்தரமாயிடும்ல? அப்புறம் தூக்க முடியாதே.”

“முடியாது.”

“பத்து வருஷமா காத்தடிக்குது, காத்தடிக்குதுன்னு என் காதுல ஊதுனீங்க. இப்ப காத்தே இல்லைங்கறீங்க.” சட்டையின் கையை மடித்தாள். “என்ன பண்ணினாலும் சரி, அந்த முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க.”

சொல்லக் கூடாது என்ற முடிவோடுதான் போனார். நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் முக்கியமான முடிவு எது என்பதுதான் முதல் கேள்வி. பதினோரு மண்டலங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். இரண்டு என்று வந்தது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. தொய்ந்த கோட்டைப் பலகையில் வரைந்தே காட்டிவிட்டார். நடுவிலிருந்தவர் அவருடைய நேர்மையைப் பாராட்டினார். பாராட்டிய விதத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

கணினிக்குள் மண்டலங்களை வளர்த்துப் பார்க்கும் ஒருவனுக்கு அந்த இடம் போனது. முப்பத்தைந்து வயது, தங்கமான பிள்ளை. அறையும் அவனுக்கே. கோட்டுக்காரரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கோப்புகளை ஒப்படைக்க ஒரு வாரம் கொடுத்தார்கள்.

“சங்கடமா இருக்குண்ணே,” என்றான் நாற்காலியில் உட்காராமல்.

“அதை விடுங்க. உங்க கணினி நிரல்ல என் எண்ணை வச்சிருந்தீங்களே, மாத்தியாச்சா?”

“மாத்திப் பாத்தேண்ணே. வாயு வெளியவே போக மாட்டேங்குது. நட்சத்திரம் பொறந்துக்கிட்டே இருக்கு, வானத்துல இருக்கறதைவிடப் பத்து மடங்கு. பாக்கச் சகிக்கலை.”

“அப்ப வானத்துல வேற ஏதோ ஒண்ணு நட்சத்திரம் பொறக்கறதைத் தடுக்குது.”

“தடுக்குதுதான். அது என்னன்னு தேட மூணு வருஷம் ஆகும். எனக்கு டிசம்பர்ல கட்டுரை போகணும்.” தலையைச் சொறிந்தான். “இப்போதைக்குப் பழைய எண்ணே இருக்கட்டும்னு பேராசிரியர் சொல்லிட்டாரு.”

“நான் எழுதிக் குடுத்த திருத்தம்?”

“அவர் மேசையிலதாண்ணே இருக்கு.”

கோட்டுக்காரர் அந்தப் பதினோரு எண்களும் இருந்த கோப்பைக் கணினியில் திறந்தார். எண்களுக்கு மேலே நான்கு வரி எழுதினார். இவற்றில் ஒன்பது தவறு, பயன்படுத்தக் கூடாது, காரணம் இன்னது. தேதியும் போட்டார். அவன் அருகில் நின்று முழுவதையும் படித்து, நல்ல வேலை செய்தீர்கள் என்பது போலத் தலையாட்டினான். பிறகு, கோப்பு கெட்டுப்போயிருக்குமோ என்ற கவலையில் தன் நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். அது எழுத்து இருந்த வரிகளைத் தாண்டிப் போய், எண்களை மட்டும் படித்துக்கொண்டது.

“ஒழுங்கா ஓடுதுண்ணே,” என்றான் ஆறுதலாக.