டப்ளினில் நாலு நாள், ஏரிக்கரையில் அரை மணி

டப்ளினுக்குப் போவது அத்தானின் யோசனை. என் அக்காவின் கணவரான அவர் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு உலகத்தை மேற்பார்வை செய்யத் தொடங்கியிருந்தார். றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் அவருடைய நண்பர் ஒருவர் போர்த்துக்கல் போய் வந்து, கோயில் அன்னதான வரிசையில் நின்றபடி அங்குள்ள மீனைப் பற்றி அரை மணித்தியாலம் பேசியிருந்தார். அத்தானால் அதைத் தாங்க முடியவில்லை.

“போர்த்துக்கலுக்கு எல்லாரும் போகினம். அயர்லாந்துக்கு எங்கட ஆக்கள் ஒருத்தரும் போறேல்லை,” என்றார்.

ஏன் போவதில்லை என்று நாங்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் நானும் என் கணவரும் சேர்ந்துகொண்டோம். போகும் நாள் அத்தான் பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு தாளோடு விமான நிலையத்துக்கு வந்தார். பார்ப்பது, சாப்பிடுவது, குடிப்பது என்று மூன்று தலைப்புகள். அந்தத் தாளில் இல்லாத எதையும் நான்கு நாட்களும் எங்களைப் பார்க்க விடவில்லை. மழையைத் தவிர. அது தாளில் இல்லாமலே வந்தது.

போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. அக்கா வெள்ளியில் மச்சம், மீன் இறைச்சி ஒன்றும், தொடமாட்டா. ஹோட்டலில் காலை உணவு கேட்டபோது அத்தான் தாளைப் பார்த்து, “கறுப்புப் புடிங் கட்டாயம் சாப்பிடவேணும் எண்டு போட்டிருக்கு. புடிங் எண்டால் இனிப்புத்தானே, வெள்ளிக்குப் பிழையில்லை,” என்றார்.

வட்டமாக வெட்டிய கரிய துண்டுகள் வந்தன. அக்கா ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்தா. “இனிப்பில்லை. ஆனால் மிளகு நல்லாப் போட்டிருக்கினம்,” என்று இரண்டாவதையும் எடுத்தா. பரிமாறிய பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்க, அக்கா ஆங்கிலத்தில் மனமாரப் பாராட்டினா. அந்தப் பெண்ணுக்கு மகிழ்ச்சி. தன் மாமாவின் ஊரில்தான் செய்கிறார்கள், நல்ல பன்றி இரத்தம், ஓட்ஸ், கொழுப்பு, வேறு ஒன்றும் கலப்பதில்லை என்று விளக்கம் சொன்னாள்.

அக்கா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தா. அத்தான் தாளைப் பார்த்தார். “உதில அது போடேல்லை,” என்றார்.

அதற்குப் பிறகு அக்கா வாழைப்பழமும் வெண்ணெய் பூசிய பாணும் தேநீரும் மட்டும்தான். தேநீரை மட்டும் அவ குறை சொல்லவில்லை. கனடாவில் தருவது தேயிலை கழுவிய தண்ணீர், இந்தச் சனத்துக்குத்தான் சாயம் பிடிக்கத் தெரிந்திருக்கிறது என்றா. அந்தத் தேசத்தைப் பற்றி அவ சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

மத்தியானம் பல்கலைக்கழகத்தில் பழங்காலத் துறவிகள் கையால் எழுதிய புத்தகம் ஒன்றைப் பார்க்க வரிசையில் நின்றோம். முக்கால் மணித்தியாலம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பக்கம் திறந்திருந்தது.

“மற்றப் பக்கங்கள்?” என்று அத்தான் காவலாளியைக் கேட்டார். இப்போதைக்கு இவ்வளவுதான் காட்டுவோம் என்றார் அவர். கல்யாண அல்பமென்றால் நானூறு பக்கத்தையும் விடாமல் காட்டும் இனத்தைச் சேர்ந்தவர் அத்தான். வெளியே வந்தும் அவருக்கு ஆறவில்லை.

இரண்டாம் நாள் குடிக்கும் படலம். புகழ்பெற்ற கறுப்பு பியர். மதுச்சாலையில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் கிளாஸை முக்காலுக்கு நிரப்பி, நுரை அடங்கும்வரை தொடவேண்டாம் என்று வைத்தார். அத்தான் பொறுக்காமல் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. ஸ்காபரோவில் எந்த வீட்டு நிலவறை விருந்திலும் விஸ்கியின் வயதைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு, அதற்குள் கோக் ஊற்றிக் குடிப்பவர் அவர். இங்கேயும் கோக் கேட்டார்.

“தனியாகவா?” என்றார் தாடிக்காரர்.

“இல்லை, இதுக்குள்ளை விட.”

தாடிக்காரர் கிளாஸை ஒருமுறை பார்த்தார். பிறகு, “கொண்டுவந்து தருகிறேன். ஊற்றுவதை நீங்களே செய்யுங்கள். என் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறா, நான் ஊற்றினேன் என்று அவ கேள்விப்படக்கூடாது,” என்றார். என் கணவர் சிரிப்பை அடக்கக் கழிவறைக்குப் போனார்.

கடைசி நாள் ஆற்றங்கரையில் வெண்கலச் சிலைகளைப் பார்த்தோம். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கப்பலுக்கு நடந்து போனவர்களின் சிலைகள். எலும்பும் கந்தலுமாக, கையில் சிறு பொட்டலங்களோடு. ஒருவன் இன்னொரு உயிரைத் தோளில் போட்டிருந்தான். அத்தான் அவன் பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்தார்.

நாயோடு நடந்துவந்த கிழவி ஒருத்தி நாங்கள் எந்த ஊர் என்று கேட்டாள். றொறன்ரோ என்றோம். “அப்படியென்றால் மற்றவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள் போய் இறங்கினது உங்கள் ஏரிக்கரையில்தானே. அங்கேயும் சிலை இருக்கிறதே,” என்றாள்.

“ஓம், ஓம். கண்டனாங்கள்,” என்று அத்தான் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வரும் விமானத்தில் என் கணவர் தேடிப் பார்த்தார். உண்மைதான். நாங்கள் இருக்கும் வோபர்னில் இருந்து காரில் முக்கால் மணித்தியாலம். முப்பது வருடமாக இங்கே இருந்தும் நாங்கள் போகாத இடம்.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு போனோம். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் அத்தான் திரும்பிவிடப் பார்த்தார். பழைய தானியக் களஞ்சியம் ஒன்றின் அருகே, தண்ணீர் ஓரத்தில் அவர்கள் நின்றார்கள். பின்னால், றொறன்ரோவை எந்தப் படத்திலும் காட்டிக்கொடுக்கும் ரவர் என்ற உயர்ந்த கோபுரம். ஒருவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தான். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தரையில் விழுந்து கிடந்தாள்.

அக்கா சுற்றி வந்து எண்ணினா. “அங்கை இன்னும் கூட ஆக்கள் எல்லே நிண்டவை?”

“இஞ்ச பட்ஜெட் காணாமல் போயிருக்கும்,” என்றார் அத்தான்.

“இல்லையப்பா. மற்றதுகள் வழியிலை செத்துப் போச்சுதுகள்.”

அத்தான் சிலைகளின் பக்கம் திரும்பினார். அவரும் கள்ளவழியில் ஆட்களை அனுப்பும் ஏஜென்ற் ஒருவனை நம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டு, பெயர் தெரியாத நகரங்களில் ஏழு மாதம் அடைபட்டுக் கிடந்து வந்து சேர்ந்தவர்தான். கூட வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. எந்த விருந்திலும் அவர் சொல்லாத ஒரே பயணக் கதை அது. கையைத் தூக்கியவனுக்கு முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தேன். அப்போது தொலைபேசியை என்னிடம் நீட்டி, “பிள்ளை, ரவர் தெரியாமல் ஒண்டு எடும்,” என்றார்.

ஏன் தெரியக்கூடாது என்பது இரண்டு வாரம் கழித்து அஜின்கோர்ட்டில் ஒரு பிறந்தநாள் விருந்தில் விளங்கியது. அத்தான் டப்ளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் அந்த ஏரிக்கரைப் படமும் வந்தது. போர்த்துக்கல் நண்பர் நிறுத்தச் சொல்லி உற்றுப் பார்த்தார்.

“வடிவான இடம். இது டப்ளினில எவடம்?”

“ஆத்தங்கரையால நேர நடக்கவேணும்,” என்றார் அத்தான். “கனபேருக்குத் தெரியாது.”

நண்பர் அதைக் குறித்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தா. நான் கேக் வெட்டும் மேசைப் பக்கம் போய்விட்டேன். வருகிற மே மாதம் அந்த நண்பர் மனைவியோடு டப்ளின் போகிறாராம், ரிக்கற்றும் எடுத்தாயிற்று. அந்தப் படம் எடுத்தது எங்கே என்று இதுவரை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.