எல்லாவற்றிலும் ஒத்த ஊர்

எரியோட்டுக்குத் தெற்கே மேட்டுக்களத்தில், சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற பழைய பட்டறை ஒன்றைத்தான் ஆல்வின் மாலைப் பள்ளியாக்கினான். பத்தாம் வகுப்பில் தவறிய பெண்பிள்ளைகளை நூற்பாலை வேன் வந்து அள்ளிக்கொண்டு போன காலம் அது. மூன்று வருடம் ஆலைக்குள்ளேயே தங்கி வேலை, முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்பார்கள். வேன் வருவதற்குள் அந்தப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து அக்டோபர் பரீட்சையில் தேற வைக்க வேண்டும்; பெற்றவர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். அவன் திட்டம் அவ்வளவுதான். வெங்காய வாடை கடைசிவரை போகவில்லை. பிள்ளைகளும் அதைப் பட்டறை என்றே சொன்னார்கள்.

அவனுடைய அக்கா வியாகுலம்மாள் கருங்காட்டூரில் வாக்கப்பட்டவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினால் வடமதுரை வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தம்பியின் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டாயிரத்து இரண்டில், பட்டறைக்கு உதவி வந்த மதுரைத் தொண்டு நிறுவனம் ஒன்று சொன்னது. சென்னையில் ஒரு நிபுணர் குழு இருக்கிறது. இளைஞர்களுக்கான திட்டங்களை ஆதாரத்தோடு அனுப்பினால் ஆராய்ந்து அங்கீகாரம் தரும். அது கிடைத்தால் பட்டறை போல ஒன்று ஊருக்கு ஊர் வரும், கிடைக்காவிட்டால் தங்கள் உதவியும் நின்றுவிடும்.

ஆதாரத்துக்கு ஒரு விதி இருந்தது. மேட்டுக்களத்தைப் போலவே எல்லாவற்றிலும் ஒத்த இன்னோர் ஊரைப் பார்க்க வேண்டும். அங்கே எதுவும் செய்யாமல் இரண்டு வருடம் குறித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிள்ளைகள் படித்தது பட்டறையாலா, தானாகவா என்று தெரியும்.

ஆல்வின் தேடினான். அதே மண், அதே சனம், அதே பஸ், அதே அந்தோணியார் கோயில். கருங்காட்டூரை விட ஒத்த ஊர் எங்கே கிடைக்கும்?

“நம்ம ஊரா? அப்ப நானே குறிச்சுத் தாரேன்” என்றாள் வியாகுலம்மாள். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போனாள். யார் பள்ளிக்குப் போகிறாள், யார் வேன் ஏறினாள், ஒன்றும் விடவில்லை. போகிற வீட்டிலெல்லாம், “மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆளுக என் தம்பி திட்டத்தப் பாத்து ஒத்துக்கப் போறாங்க” என்று சொல்லாமல் வரவும் இல்லை.

எல்லாவற்றிலும் ஒத்த ஊர் என்றால் அது பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊராகத்தான் இருக்கும். அக்காவும் தம்பியும் அதை யோசிக்கவில்லை.

இரண்டாம் வருடம் வியாகுலம்மாளின் கொழுந்தன் பிராங்க்ளினின் மகள் தமிழ்நிலா கணக்கில் தவறினாள். ஜூனில் மேட்டுக்களத்து அந்தோணியார் சப்பரத்துக்கு விருந்தாடப் போனவள் திரும்பவில்லை. கூடப் போன நாலைந்து பிள்ளைகளும் அத்தை வீடு, சித்தி வீடு என்று அங்கேயே தங்கி, சாயங்காலமானால் பட்டறையில் உட்கார்ந்தார்கள்.

கேள்விப்பட்டதும் வியாகுலம்மாள் வேகாத வெயிலில் பட்டறை வாசலில் போய் நின்றாள்.

“ஏலே, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? இதுக கருங்காட்டூர்ப் பிள்ளைகடா!”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா சேத்த?”

“இந்த ஊரு மச்சினி உள்ள போறா. கூட வந்தவள வாசல்ல நில்லுன்னு எப்படிக்கா சொல்றது? நீ சொல்லு பாப்போம்.”

தமிழ்நிலா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “பெரியம்மா, கத்தாத. எனக்கு இப்பத்தான் வட்டம் புரிஞ்சுச்சு. நீ கத்துன கத்துல அதுவும் ஓடிரும் போல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். வியாகுலம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்: “சரி, படிக்கட்டும். நீ அத எழுதாம விட்டுரு.”

“எழுதாம விட்டா அது ஆதாரமாக்கா?”

எழுதித்தான் அனுப்பினான்.

செப்டம்பரில் குழுவின் முன்னால் அவனை நிறுத்தினார்கள். துணைக்குப் போன வியாகுலம்மாள் கடைசி நாற்காலியில் இருந்தாள். நடுவில் இருந்த அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு, “குறிப்புகள் ரொம்பச் சுத்தமா இருக்கு” என்றதும் வியாகுலம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆனா ஒப்பிட வேண்டிய ஊர்ப் பிள்ளைகளும் உங்ககிட்டயே படிச்சிருக்காங்க. அங்கேயும் வேன் ஏறுறது குறைஞ்சிருச்சு. ரெண்டு ஊருக்கும் வித்தியாசமே இல்லை. எதை எதோட ஒப்பிடுறது, ஆல்வின்?”

“சொந்தக்காரப் பிள்ளைகம்மா.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “திட்டம் நல்லதுன்னு எனக்குத் தோணுது. உங்க தாள் அதைச் சொல்லலையே.”

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஆதாரம் போதாது, அங்கீகாரம் இல்லை. தொலைவில் வேறோர் ஊரை வைத்து இரண்டு வருடம் கழித்து மறுபடி அனுப்பலாம்.

மதுரை உதவி நின்றது. வாடகை நின்றதும் பட்டறைக்காரர் மறுபடி உள்ளே வெங்காயத்தைப் போட்டார். தன் வீட்டில் வைத்தாவது பரீட்சை வரை சொல்லித் தருகிறேன் என்று ஆல்வின் கருங்காட்டூருக்கு ஓடி வந்தான். பிராங்க்ளின் அவன் முகத்தைப் பார்க்காமல் வியாகுலம்மாளிடம் பேசினான்.

“பெரிய ஆளுக ஒத்துக்கப் போறாங்கன்னு நீங்கதான மதினி ஊரெல்லாஞ் சொன்னீங்க? இப்ப அவங்களே வேணாம்னுட்டாங்க. நான் எத நம்பி வயசுப்பிள்ளைய வச்சிருக்க?”

போதாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள், வேண்டாம் என்று எழுதவில்லை. இதை வியாகுலம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். முன்பு பெருமை பேசியபோது காது கொடுத்தவர்கள் இப்போது அடுப்பைப் பார்க்க எழுந்துபோனார்கள்.

பரீட்சைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கையில் வேன் வந்தது. தமிழ்நிலா புதுப் பையோடு ஏறினாள். சன்னலோரம் நின்ற ஆல்வினிடம், “ஒரே பேப்பர்தான மாமா பாக்கி, வந்து எழுதிக்கிறேன்” என்று அவனைத் தேற்றினாள். மூன்று வருடம் கழித்து இருமலோடு வந்தாள். எழுதவில்லை.

வேன் போன பிறகு, தம்பியைத் தொலைவில் ஊர் பார்க்கச் சொல்லி விரட்டியதும் வியாகுலம்மாள்தான். தொப்பம்பட்டிப் பக்கம் சொந்தமென்று ஒருவரும் கிடையாது. காலையில் பழனி பஸ் ஏறியவன் பொழுது சாயும் நேரம் திரும்பினான். அவள் சோறு போட்டு, வெஞ்சனம் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

“ஊரு அமைஞ்சுச்சா?”

“அமைஞ்சுச்சு. எல்லாம் ஒத்து வருது.”

“பெறகென்ன?”

“ஒரு வீட்ல தண்ணி கேட்டேன். ஒரு பிள்ள கொண்டாந்துச்சு. படிக்கிறியாம்மான்னேன். ‘கணக்குல போயிருச்சுங்க’ன்னுச்சு. அங்கதான்க்கா ஒண்ணும் செய்யாம ரெண்டு வருசம் குறிக்கணும்.”

வியாகுலம்மாள் கேட்டாள்: “பேரு கேட்டியா?”

“கேட்டுட்டேன்க்கா.”

அவள் எழுந்து அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். அடுத்த ஊரைப் பார்க்கச் சொல்லவில்லை.